பருப்புப் பாட்டுக்கு மூன்று சரணம்

ஓய்வு பெற்ற இசை ஆசிரியன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் எதிரில் இருப்பவர் உடனே என் தலைமுடியைப் பார்க்கிறார். கறுப்பாகத்தான் இருக்கிறது. வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. உண்மையில் ஓய்வு கொடுத்தது எனக்கல்ல, பாட்டுப் பீரியடுக்கு. அது ரோபோ செய்யும் வகுப்பாக மாறியபோது அதற்குள் உட்கார்ந்திருந்த நானும் சேர்ந்து வெளியே வந்தேன். இப்போது ஒரு பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அம்மாவுக்கு இப்போதுதான் நிம்மதி. "பாட்டுச் சொல்லிக் குடுக்கறான்னா ஆருக்குப் புரியுது கண்ணு? இப்பத்தான் சொல்றாப்பல ஒரு வேலை" என்கிறாள்.

அந்தப் பள்ளியில் இந்த வருடம் மறுபடியும் பாட்டு வகுப்பு வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பவித்ரா டீச்சர் போன வாரம் கூப்பிட்டார். "சார், பசங்க போன்ல நாலு வார்த்தை தட்டறாங்க. மெட்டு, மியூசிக், கொரலு எல்லாம் அதுவே போட்டுக் குடுத்துருதுங்க. நான் என்னத்தைங்க சொல்லிக் குடுக்கறது? நீங்க எப்படிங்க எழுத வெச்சீங்க?"

ஸ்டோர்ஸில் நின்று போன் பேசினால் சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் எழுதுகிறேன்.

நான் இசை படித்த கதை சின்னது. கோயில் நோம்பி, திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரிக் குழுவோடு போய் வயர் சுற்றினேன். கீபோர்டு வாசிப்பவர் ஒருநாள் வராததால் வாசித்தேன். அப்புறம் மாலை நேரக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கினேன். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் 'இசை' என்று அச்சடித்திருந்தது. அப்பா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பள்ளி துடியலூரிலிருந்து காரமடை போகும் வழியில் இருக்கிறது. ஹாஸ்டலும் உண்டு. எனக்குக் கொடுத்த அறை ஹாஸ்டல் சமையல் கூடத்தை ஒட்டியது. நடுவில் ஒரே சுவர். நான் ஸ்ருதி சேர்க்கும்போது அந்தப் பக்கம் கடுகு வெடிக்கும். இரண்டு கட்டை பேசாத ஒரு ஹார்மோனியமும் இருந்தது. மாணவர்களே சொந்தமாகப் பாட்டுக் கட்ட வேண்டும் என்று பள்ளியின் விளம்பர நோட்டீஸில் போட்டுவிட்டார்கள். போட்ட பிறகு அதற்கு ஆள் தேடியபோது நான் கிடைத்தேன்.

முதல் வாரத்தில் வந்த பாட்டுகளில் எல்லாம் நிலா இருந்தது. ஒரு பையன் ஒரே சரணத்தில் மூன்று நிலா வைத்திருந்தான். நிலா, தேவதை, உயிரே, கனவு, இந்த நாலில் எது வந்தாலும் எழுதியவர் மறுநாள் காலைப் பிரேயரில் தனியாக நின்று பாட வேண்டும் என்று சட்டம் போட்டேன். பிரேயர் கொஞ்ச நாள் கச்சேரி மாதிரி நீண்டது. பிறகு நிலா தேய்ந்தது.

அடுத்த சட்டம்: கண்டது, கேட்டது, தின்றது. இந்த மூன்றில் வராத எதையும் எழுதக்கூடாது. அறிவுரை கூடவே கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் பாட்டுக் கேட்டால், நாற்பது வருடம் ஊருக்குப் புத்தி சொன்னவர்கள் மாதிரி எழுதுவார்கள். நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

மெட்டுக்கு எடுத்ததும் ஹார்மோனியத்தைத் தொட விடமாட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, மேட்டுப்பாளையம் வண்டி போயிருச்சுங்களா?" என்று கேட்கச் சொல்வேன். கேட்டால் 'ஏனுங்க'வில் குரல் ஏறும், 'வண்டி'யில் ஒரு தட்டு விழும், கடைசியில் ஒரு தொங்கல் தொங்கும். அப்புறம் அதைத்தான் ஹார்மோனியக் கட்டையில் தேடிப் பிடிப்போம். பேச்சுக்குள் பாதி மெட்டு ஏற்கெனவே இருக்கிறது. மீதியை இழுத்தால் போதும்.

இந்த முறையில் முதலில் தேறியவள் சமீரா, ஒன்பதாம் வகுப்பு. ஒன்பதுக்கும் பத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டுப் பீரியட்தான். காரமடைத் தேர் அன்று பஸ் நின்ற இடத்திலேயே நின்றதைப் பாட்டாக்கினாள். பஸ் இன்ஜின் நின்ற இடத்தில் நடுங்குவதைத்தான் தாளமாக வைத்தாள். கண்டக்டர், "எறங்கி நடந்தா முன்னாடியே போயிருவீங்க அம்மணி" என்று சொல்வதுதான் பல்லவி. கேட்ட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அடுத்து நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்கு முன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியின் கரஸ்பாண்டன்ட். மில் குடும்பம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் ஐயாதான். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. 'முடியாது' என்று சொல்லியும் கேட்டதில்லை. "பாத்துக்கலாமுங்க" என்றால் நடக்காது. "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றால் நீங்கள் சொன்னது தப்பு. எதிரில் ஆள் நின்றால் அவரும் எழுந்து நிற்பார், அதனால் திட்டு வாங்கக்கூட உட்கார்ந்துகொள்ள வேண்டும். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் சின்ன விஷயம். கேட்காமலே டீ வந்தால் பெரிய விஷயம். கூடவே பிஸ்கட் வந்தால் ஆசிரியர்கள் வேறு பள்ளியில் தெரிந்தவர்களுக்குப் போன் போட ஆரம்பிப்பார்கள். ஹாஸ்டல் ஸ்டோர் ரூம் சாவி எப்போதும் அவர் மேஜைமேல் இருக்கும். தினமும் காலையில் அரிசியும் பருப்பும் அவர் ஆள்தான் அளந்து கொடுப்பார்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் நவநீதன் என்று ஒருவன். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். நவநீதனும் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் என்பதால் அவனிடம் எனக்கு ஒரு சாய்வு உண்டு. வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் வராது. அவ்வளவு மரியாதையான பையன். இரண்டு மாதம் ஒரு வரியும் எழுதவில்லை. "எதுவுமே வரமாட்டேங்குதுங்க சார்" என்பான். கண்டது, கேட்டது, தின்றது என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு வகுப்புக்கு வந்தான். தட்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே பாடினான்.

பருப்பைக் காணோமுங்க, மாஸ்டர்,
பருப்பைக் காணோமுங்க!
குண்டாவுக்குள்ள எட்டிப் பாத்தேன்,
என்ற மூஞ்சி தெரியுதுங்க!

முருங்கக்கா ஒண்ணு நீச்சலடிக்குது,
கத்திரிக்கா கரை தேடுது,
சாம்பாருங்களா, ரசமுங்களான்னா
கரண்டி மொறைக்குதுங்க!

நிலா இல்லை, அறிவுரை இல்லை, மெட்டு முழுக்கப் பேச்சிலிருந்து வந்தது, 'என்' வரவேண்டிய இடத்தில் எங்கள் ஊர் 'என்ற'கூட அப்படியே. இன்னொரு தடவை பாடச் சொன்னேன். வகுப்பே சேர்ந்து பாடியது. சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடிப்பது நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

செல்லமுத்து மாஸ்டர் என்பவர்தான் ஹாஸ்டல் சமையல்காரர். ஆறடி உயரம், மீசை, தன் கைமணத்தைப் பற்றித் தானே பேசத் தயங்காதவர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒறம்பரையாக, விருந்துக்குப் போன வீட்டில் சோறு எப்படி இருந்தாலும், பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்து, "போதுமுங்க, நெறஞ்சு போச்சுங்க" என்று சொல்லித்தான் எழ வேண்டும். குறையை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொள்ளலாம். நவநீதன் அதைத் தாளம் போட்டு, மாஸ்டர் என்று விளித்து, ஒவ்வொரு வரிக்கும் 'ங்க' போட்டுப் பாடிவிட்டான். அந்த மரியாதைதான் அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் ஹாஸ்டலே தட்டைத் தட்டிக்கொண்டு அதைப் பாடியது. மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். சாம்பார் அண்டாவின் மூடிமேல் அதை மடித்து வைத்தார். "எவனுக்குப் பருப்பு வேணுமோ அவனே காச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அன்னூர் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி எல்லோருக்கும் பேக்கரி பன்.

ஐயாவிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கேட்காமலே டீ வந்தது.

"பையன் நல்லாப் பாடறானுங்களாமா தம்பி?" என்றார் ஐயா.

"ஆமாங்கய்யா."

"சந்தோசமுங்க. பாட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தாலும் பாடலாமில்லீங்க."

டி.சி. கொடுக்கப் போகிறார் என்று புரிய எனக்கு ஒரு வாய் டீ பிடித்தது. "பத்தாவதுங்கய்யா. பரீட்சைக்குப் பேரு அனுப்பியாச்சுங்க. இப்பப் போனா ஒரு வருசம் போயிருமுங்க."

"எனக்குத் தெரியாதுங்களா? ஆனா நீங்களே சொல்லுங்க. பையன் கெடைப்பானுங்க. முன்னூறு பேத்துக்குச் சமைக்கற ஆளு கெடைக்குமுங்களா?" சாவிக்கொத்தை நேராக்கி வைத்தார். "திங்கக்கிழமைக்குள்ள மாஸ்டர் வந்துட்டாருன்னா பையன் இருக்கட்டுமுங்க. இல்லைன்னா அவங்கப்பாவை ஒரு எட்டு வரச் சொல்லிப்போடுவோமுங்க."

வருடம் போனால் அந்தப் பையன் என்ன ஆவான் என்பது எனக்குத் தெரியும். அப்பாவோடு லாரியில் ஏறுவான். எங்கள் மாதிரி வீடுகளில் ஒரு வருட இடைவெளி என்பது இடைவெளி அல்ல, முடிவு.

சனிக்கிழமை நவநீதனைக் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் மன்னிப்பு வசனம் ஒத்திகை. மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் உள்ளே பார்த்துக் காப்பி வைக்கச் சொன்னார். கோபம் வேறு, வழக்கம் வேறு.

"தெரியாமப் பாடிப்போட்டேனுங்க மாஸ்டர். மன்னிச்சுருங்க" என்றான் நவநீதன்.

"அது கெடக்குது. உள்ளதைச் சொல்லு கண்ணு. சாம்பார்ல பருப்பு இருந்துச்சா, இல்லியா?"

பொய் சொல்லடா என்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். பிறகு, "தேடுனா இருந்துச்சுங்க" என்றான்.

மாஸ்டர் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா சார், பாத்தீங்களா! மன்னிப்புக் கேக்க வந்த எடத்துலயும் என்ன ஏத்தம்! எங்கண்ணன் கலியாணத்துல பொண்ணூட்டுக்காரிங்க எங்களை நிக்க வெச்சு ஏசிப் பாடுனாளுக. உன்ற மூக்கு கெணத்து மோட்டருன்னு பாடுனாளுக. நாங்களும் திருப்பிப் பாடுனோம். கோவப்பட்டவன் தோத்தான், அதானுங்க நாயம். இங்க இவன் ஒருத்தனாப் பாடிப்போட்டான். எனக்கு ஆரு எடங் குடுத்தா?"

எனக்கு வழி தெரிந்துவிட்டது. அவருக்கு வலித்தது வசவு அல்ல, பதில் சொல்ல முறை வராதது.

"நான் குடுக்கறேனுங்க மாஸ்டர். இதே பாட்டுல ரெண்டாவது சரணம் உங்களுதுங்க. நீங்களே கட்டுங்க. இவனே தாளம் போடட்டும்."

"நெசமாவா?"

"நெசமாங்க."

மீசையைத் தடவினார். "என்ன வேணா ஏசலாமுங்களா?"

"கண்டது, கேட்டது, தின்றது. அதுக்குள்ள எது வேணாலுமுங்க."

திங்கட்கிழமை காலை இட்லிக்கு ஊற்றிவிட்டு, ஈரக் கையோடு என் அறைக்கு வந்தார். ஐயாவின் கெடுவுக்குள் ஆள் வந்தாயிற்று, பையனுக்கு மூச்சு வந்தது. எனக்கு ஒரு புது மாணவர் வந்தார்.

இருந்ததிலேயே மோசமான மாணவர் அவர்தான். முதல் வரியாக, 'அன்னம் இடும் தெய்வக் கை' என்று எழுதிக் கொடுத்தார். "இது ஆரைப் பத்திங்க?" என்றேன். "என்னையப் பத்தித்தானுங்க." "உங்க கையை நீங்களே தெய்வம்னு எங்கீங்க பாத்தீங்க?" ரொம்ப வருத்தப்பட்டார். அடுத்ததில் நிலா வந்தது. நிலா மாதிரி இட்லியாம். பிரேயரில் நிற்க வைக்கவா என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"எழுத வேண்டாமுங்க மாஸ்டர். இவன் உங்க முன்னால நிக்கறான். தட்டை நீட்டறான். என்ன சொல்வீங்களோ அதைச் சொல்லுங்க" என்றேன். நவநீதன் தட்டை நீட்டினான். மாஸ்டர் அவனைப் பார்த்தார். அவ்வளவுதான், அடுப்பில் எண்ணெய் விட்டதுபோல் பற்றிக்கொண்டது.

நாலு வாட்டி வாங்கித் தின்னவன்
நாயம் பேச வந்துட்டான்,
முட்டையச் சோத்துக்குள்ள பொதைச்சுப்போட்டு
வரலைன்னு கையை நீட்டறான்!

வகுப்பு கூரையைப் பிய்த்தது. முட்டையைப் புதைக்கிறவன் நவநீதன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனும் சிரித்துக்கொண்டே தட்டினான். கோபப்பட்டவன் தோற்றான் அல்லவா. அந்த உற்சாகத்தில் மாஸ்டர் அடுத்த இரண்டு வரியையும் இறக்கினார்.

கரண்டி என்ற கையிலடா, கண்ணு,
தண்ணி என்ற கையிலடா,
பருப்பு வெச்ச ரூமுச் சாவி
ஆரு கையிலடா?

யாரும் சிரிக்கவில்லை. தட்டுச் சத்தமும் நின்றது.

"மாஸ்டர், அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமுங்க" என்றேன்.

"ஏனுங்க சார்? கண்டது, கேட்டதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. நான் தெனமும் பாக்கறனுங்க அந்தச் சாவிய."

என் சட்டம் என் கழுத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, பாட்டு ஆண்டு விழா மேடை ஏறுவதற்கு முன் அந்த வரியை எப்படியாவது பேசி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஐயா மறுநாளே ஒத்திகை பார்க்க வந்துவிட்டார். மாஸ்டர் திரும்பி வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நவநீதன் பாடினான். ஐயா புன்னகைத்தார். மாஸ்டர் பாடினார். முட்டை வரிக்கு ஐயா வாய்விட்டே சிரித்தார். சாவி வரி வந்தது. மாஸ்டர் அதைக் கொஞ்சம் கூட விழுங்கவில்லை, கடைசி 'டா'வை இழுத்தும் காட்டினார். பாட்டு முடிந்தது. ஐயா என்னை அறைக்கு வரச் சொன்னார். டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. க்ரீம் வைத்தது.

வேலை போனால் போகட்டும், பையன் பெயரை மட்டும் எடுக்கவிடக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "ஐயா, பையன் மேல தப்பில்லீங்க. அந்த வரிக்கு நான்..."

"மாஸ்டர் எல்லாஞ் சொன்னாருங்க தம்பி. எங்க ஊட்டுக் கலியாணத்துலயும் ஏசிப் பாடுவாங்க. தெலுங்குல" என்றார். "கோவப்பட்டவன் தோத்தான்னு அங்கயுந்தானுங்க நாயம். நான் கோவப்படலீங்க." பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார். "ஆனா பையனுக்கு ஒரு சரணம் குடுத்தீங்க. மாஸ்டருக்கு ஒண்ணு குடுத்தீங்க. எனக்கு?"

நான் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் கடைசிப் பீரியடுக்கு ஐயா வகுப்புக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் நிமிர்ந்து சிலை மாதிரி இருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார்: 'கல்வியே செல்வம், ஒழுக்கமே உயர்வு.' அறிவுரை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சமீரா கையைத் தூக்கினாள். "ஐயா, அட்வைஸ் ஆகாதுங்க. பிரேயர்ல நிக்கோணும்." ஐயா தாளை மடித்து வைத்தார். அடுத்ததாக, பருப்பு விலை ஏறியதைப் பற்றி ஒன்று. "அது பேப்பர்ல படிச்சதுங்க" என்றது இன்னொரு குரல். வகுப்புக்குப் பயம் போய்விட்டது.

"அப்ப நான் எதைத்தானுங்க எழுதறது?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

நவநீதன் எழுந்தான். "ஐயா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நம்ம மெஸ்ஸுல நீங்க கடைசியா எப்பங்கய்யா சாப்புட்டீங்க?"

ஐயா ஜன்னலைப் பார்த்தார். "தெறப்பு விழா அன்னைக்குங்க" என்றார்.

அடுத்த நாள் மதியம் தட்டோடு மெஸ் வரிசையில் நின்றார். முன்னால் வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். மாஸ்டர் அவருக்கென்று கரண்டியை அடியில் விட்டுக் கலக்கவில்லை, ஒதுக்கி வைத்து ஊற்றவும் இல்லை. எல்லோருக்கும் ஊற்றிய அதே ஊற்று. ஐயா சாம்பாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிசைந்தார். சோறு தனியாக நின்றது, சாம்பார் தட்டைச் சுற்றி ஓடியது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்தார். இன்னொரு கரண்டியோடு மாஸ்டர் எதிரில் வந்து நின்றார்.

"போதுமுங்க" என்றார் ஐயா. "நெறஞ்சு போச்சுங்க."

பக்கத்தில் இருந்த பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சாம்பாரில் மூஞ்சி தெரியவில்லை. ஸ்டோர் ரூம் சாவி மாஸ்டரின் இடுப்புக்கு வந்தது. ஐயா மேஜையிலும் ஒன்று இருந்தது, வேறு மாதிரி எதிர்பார்த்தால் அவரைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஆண்டு விழா வந்தது. பாட்டை எடுக்கச் சொல்லி ஐயா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய சரணம் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "எழுதிட்டு இருக்கறனுங்க தம்பி" என்பார். மேடை ஏறும் முன் நவநீதன் கேட்டான், "சார், மூணாவது சரணம் என்னங்க பண்றது?"

"அவுருக்குக் குடுத்த எடம். நாம எடுத்துக்க வேண்டாம். தாளத்தை மட்டும் ஓட்டு."

நவநீதன் பாடினான். மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் வந்து பாடினார். சாவி வரிக்குப் பெற்றோர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். கூட்டத்தில் பின்னால் லுங்கியோடு நின்றிருந்த நவநீதனின் அப்பா விசிலடித்தார். பிறகு பாட்டு நின்றது. மேடையில் இருபது பேர் தட்டை மட்டும் தட்டினார்கள். யாரும் பாடவில்லை.

நான் மேடைக்குக் கீழே, முன்வரிசைக்குப் பக்கத்தில் மைக் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறப்பு விருந்தினராக வந்திருந்த கல்லூரி முதல்வர் ஐயா பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க, பையனுக்குப் பாட்டு மறந்து போச்சுங்களா?"

ஐயா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் முழங்கால்மேல் தட்டிக்கொண்டிருந்தது, தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி.

"இல்லீங்க" என்றார். "அது என்ற சரணமுங்க."